வாத்தியார் என்னும் பெயர்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, இராயபுரம் எனத் துறைமுகத்தை அடுத்துக் கிடக்கும் வடசென்னைப் பேட்டைகளில், முதியோர் பலர் ஒரு நடிகரைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. 1987-ஆம் ஆண்டில் மறைந்த எம். ஜி. இராமச்சந்திரன் அவர்களை 'வாத்தியார்' என்றே வழங்குவர். பள்ளிக்கூடத்துப் பலகையருகே நின்று பாடஞ் சொல்லாத ஒருவருக்கு இப்பெயர் எங்ஙனம் பொருந்தியது? உபாத்தியாயர் என்னும் வடசொல் உவாத்தியாயர் எனத் திரிந்து, பின்னர் வாத்தியார் எனத் தேய்ந்தது என்பது தமிழ் பயில்வார் அறிந்ததே. அச்சொல் பள்ளிக்கூடத்தில் மட்டும் தங்கிவிடவில்லை. பழைய நாடகக் கம்பெனிகளில் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்து, ஒத்திகை நடத்தி, நடிப்பும் சொல்லிக் கொடுத்தவருக்கு வாத்தியார் என்பதே பெயர். இராமச்சந்திரன் அவர்களும் இளமையில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அத்தகைய வாத்தியார்களிடம் பயின்றவரே. ரசிகர்கள் என்ன கருதி அப்பெயரை அவருக்கு இட்டனர் என்று ஆராய்வது ஈண்டு என் நோக்கமன்று. நடிகனையும் ஆசிரியனையும் ஒரே சொல்லால் சுட்டுவதில் எங்கள் தெருவார்க்குத் தடையொன்றும் தோன்றவில்லை என்பதே நான் கருதத்தக்கது.

நடிகனைச் சுட்டும் வேறொரு சொல்லும் உண்டு. அது தெருவில் வழங்குவதன்று, திருமறையில் உள்ளது. நற்செய்தி நூல்களில் நம் ஆண்டவர் மாயக்காரர் என்று கடிந்துரைக்கும் இடங்கள் பல. அவ்விடங்களில் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல் 'ஹுப்போகிரித்தேஸ்' என்பது. அக்காலத்துக் கிரேக்கர் நாவில் அதன் நேர்ப்பொருள் நாடக மேடையில் நடிப்பவன் என்பதே. வேடம் பூண்டு பிறனாகப் பேசுவோன் என்னும் பொருளிலிருந்து, உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவோன் என்னும் பொருள் கிளைத்தது. ஆகவே ஒருபுறம் வாத்தியார், மறுபுறம் மாயக்காரன். ஒரு தொழிலுக்கு இத்துணை மாறுபட்ட இரு பெயர்கள் வாய்த்தது வியப்பன்றோ!

இவ்வாராய்ச்சி எனக்கு வெறுஞ் சொல்லாராய்ச்சியாக எழவில்லை. எங்கள் பகுதித் திருச்சபை ஒன்றில், பெரிய வெள்ளிக்கு முன்னைய வாரத்தில் நடிப்பதற்கென வாலிபர் சங்கத்தார் ஒரு பாடுகளின் நாடகத்தை ஏற்பாடு செய்தனர். யூதாஸ் வேடம் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு வந்தது. நன்றாக நடிக்கக் கூடியவன் என்பதனாலேயே அவ்வேடம் அவனுக்கு அளிக்கப்பட்டது. அவன் தாயார் ஒப்பவில்லை. சபை மூப்பர் ஒருவரும் அத்தாயார் பக்கமே நின்று, "காட்டிக்கொடுப்பவனாய் நடிக்கப் பழகுகிற பிள்ளை, பிறகு எதைத்தான் பழகமாட்டான்? வேஷம் போடுவதே பொய். அதிலே இந்த வேஷமா?" என்று வினவினார். அவர் கல்லாதவர் அல்லர். பிள்ளைகளிடம் அன்பற்றவரும் அல்லர். ஆதலின் அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நடிப்பு மனிதனை வளர்க்குமா, அரிக்குமா என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். இதனை நடிப்பறியாதார் தீர்ப்பதினும், நடித்தும் கற்பித்தும் வாழ்ந்தவர்களின் வாழ்வைக் கொண்டு ஆராய்வதே முறையாகும்.

முதற்கண் திருமறைப் பொருளை நோக்குவோம். மலைப்பிரசங்கத்தில் மாயக்காரர் என்று இகழப்பட்டோர் மேடையேறி நடித்தவர் அல்லர். தருமஞ் செய்யுங்கால் ஊரறியச் செய்தவர்களும், ஜெபிக்குங்கால் சந்திகளில் நின்று ஜெபித்தவர்களுமே. மேடையல்லாத இடத்தை மேடையாக்கிக் கொண்டார்கள் என்பதே அவர்கள் மேல் சாட்டப்பட்ட குற்றம். மேடையில் நிற்பவனோ, "யான் நடிக்கின்றேன்" என்பதைத் தன் அரிதாரத்தாலும் உடையாலும் முன்னமே அறிவித்துவிடுகின்றான். பார்ப்போர் ஒருவரும் ஏமாற்றப்படுவதில்லை. எனவே நடிகனைப் பொய்யன் என்றல் பொருந்தாது.

ஆயினும் மூப்பரின் ஐயம் இதனால் முற்றும் தீர்ந்துவிடவில்லை. பார்ப்போர் ஏமாறவில்லை, நடிப்பவன் நிலை என்ன? நாள்தோறும் பிறன் உணர்ச்சியைத் தன் முகத்தில் ஏற்றுகிறவன், தன் சொந்த உணர்ச்சியை இழந்துவிடமாட்டானா? பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் திதரோ இவ்வினாவை எழுப்பி, சிறந்த நடிகன் மேடையில் ஒன்றையும் உணர்வதில்லை, உணர்ந்தவன் போல் காட்டுகிறான் என்றே வாதித்தார். அது மெய்யாயின் மூப்பரின் கட்சி வலுப்பெறும்.

நம் தொல்காப்பியர் கூற்று வேறு. மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை வகுத்தவர், அவ்வளவில் நில்லாது, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் பிறக்கும் என்றும் பகுத்தார். அழுகை என்பது ஒன்றன்று. பிறரால் இகழப்பட்டமையாற் பிறப்பது ஒன்று. உற்றாரையோ உடைமையையோ இழந்தமையாற் பிறப்பது ஒன்று. முன்னிருந்த நிலை தளர்ந்தமையாற் பிறப்பது ஒன்று. வறுமையாற் பிறப்பது ஒன்று. நடிப்புப் பயில்வார்க்கு இதனினும் நல்ல பாடம் யாண்டுளது? 'அழு' என்றால் எந்நடிகனும் கண்ணைக் கசக்கிக் கொள்வான். 'நீ எதன் பொருட்டு அழுகிறாய்?' என்று வினவினால், அவன் ஒரு மனிதனின் வாழ்க்கையை உள்ளே சென்று பார்த்தே விடை சொல்ல வேண்டும். அரிச்சந்திரன் மயானத்தில் அழும்போது நான்கும் ஒருங்கே அவன்பால் வந்து நிற்கின்றன. இவற்றைப் பிரித்தறியாமல் அவ்வேடம் பூணுதல் வீண். பிறர் துயரை இங்ஙனம் பகுத்தறியும் பயிற்சி மனிதனை உள்ளீடற்றவனாக்கும் என்று நம்புதற்கு எனக்குக் காரணம் தோன்றவில்லை.

இப்பயிற்சியைத் தருவோன் ஆசிரியன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஊன்றிக் கற்பார்க்கு ஒன்று புலனாகும். அரங்கேறுபவள் மாதவி, ஐந்தாண்டில் பயிலத் தொடங்கிப் பன்னிரண்டாம் ஆண்டில் சோழன் அவையில் ஆடியவள். அவள் ஆட்டத்தைச் சொல்லுமுன் இளங்கோவடிகள் ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஆசிரியர் அறுவரின் இலக்கணத்தை நிரலே விரித்துரைக்கின்றார். ஒரு பெண் மேடைமேல் அடியெடுத்து வைப்பதற்கு அறுவர் கற்றுத் துறைபோயிருக்க வேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை. ஆசானின்றி நடிகன் இல்லை என்பது புதிய கருத்தன்று.

இனி, அண்மைக் காலத்து வாழ்வுகளுக்கு வருவோம். கொருக்குப்பேட்டையில் புறநகர் ரயில் ஏறினால் பேசின் பாலம், அதன்பின் சென்னை சென்ட்ரல், இரண்டே நிறுத்தம். சென்ட்ரல் நிலையத்திற்கு ஒருபக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் நிற்கின்றது. மறுபக்கத்தில் ஓடும் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. முன்னதில் பட்டம் பெற்ற வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்தனர். பின்னதில் வயிற்றுப்பாட்டிற்காக நடித்த தொழில் நடிகர்களின் நாடகங்கள் நடைபெற்றன. நடந்துபோகும் தொலைவே இடைவெளி. ஆயினும் இரண்டும் இருவேறு உலகங்கள். இவ்விரு உலகங்களுக்கும் தலைவர்களாக விளங்கிய இருவர், ஒரே ஆண்டில், 1891-இல், நாடகத்துறைக்கு வந்தனர் என்பது நினைக்குந்தோறும் இன்பம் தரும் செய்தி.

முதலாமவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்த இவர் சென்னைக் கருப்பர் நகரமாயிருந்து ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்ற பகுதியில் வளர்ந்தவர். ஆங்கிலக் கல்வியில் ஊறியவர். இளமையில் தமிழ் நாடகங்களிடம் இவருக்கிருந்தது விருப்பமன்று, வெறுப்பே. இதனை ஒளியாமல் தம் 'நாடக மேடை நினைவுகள்' நூலிற் குறித்துள்ளார். 1891-இல் பல்லாரி கிருஷ்ணமாசாரியார் என்னும் வக்கீல் தம் சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார். கற்றோரும் மேடையேறலாம் என்பதையும், நாடகம் கற்றோர்க்குரிய கலையாகலாம் என்பதையும் முதலியார் அங்குக் கண்டார். அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலேயே நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம் கல்லூரி முதலாண்டு மாணவர் வயது!

வெறுத்தவர் விரும்பத் தொடங்கியதோடு நிற்கவில்லை. எழுதினார், நடித்தார், பிறரை நடிக்கப் பழக்கினார். விடியவிடிய ஆடிய நாடகத்தைச் சில மணி நேரத்துள் அடக்கினார். பாட்டுக்களுக்கிடையே நடிகர் வாய்க்கு வந்தவாறு பேசிய வசனத்திற்கு மாறாக, எழுதிய உரைநடையை மனப்பாடம் செய்து பேசும் முறையை நிலைநிறுத்தினார். 'மனோகரா'வை நம்மில் பலர் 1954-ஆம் ஆண்டுத் திரைப்படமாகவே அறிவோம். அதன் மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதித் தாமே தலைமை வேடம் தாங்கிய நாடகமாகும். 'சபாபதி'யும் அவருடையதே. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் இயற்றினார் என்பர்.

எண்ணிக்கையினும் எனக்கு வியப்பளிப்பது அவர் படைத்த முறை. பெரும்பாலான ஆசிரியர்கள் நாடகத்தை எழுதிவிட்டுப் பின்னர் அதற்கேற்ற நடிகரைத் தேடுவர். முதலியாரோ தம் சபையிலுள்ள நண்பரை முன்னிறுத்திக் கொண்டு, அவரவர் இயல்புக்குப் பொருந்தப் பாத்திரங்களை அமைத்தார். அக்காலத்தில் பெண் வேடமும் ஆடவரே பூண்டனர். முதலியாரின் நாயகன் வேடங்களுக்கு எதிரே நாயகியாக நடித்துப் புகழ்பெற்றவர் அவர் ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு. இங்ஙனம் எழுதுவோன், தன்னைச் சுற்றியுள்ளவர்களை இமையாது நோக்க வேண்டியவனாகிறான். இவன் எதில் வல்லவன், எதில் தடுமாறுவான், எக்குரலில் இவன் சினம் இயல்பாக வரும் என்றெல்லாம் அறியாமல் ஒருவரியும் எழுதவியலாது. புதியன படைத்தல் என்பதை வெறுவெளியிலிருந்து ஏதோவொன்று இறங்கி வருவதாக நாம் நினைக்கிறோம். முதலியாரிடம் அது அருகிலுள்ள மனிதனைக் கூர்ந்து நோக்கியதன் விளைவாக இருந்தது. நல்லாசிரியன் மாணாக்கனை நோக்கும் நோக்கமும் அதுவேயன்றோ?

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அவர் 'அமலாதித்யன்' ஆக்கித் தாமே அவ்வேடம் பூண்டார். அந்நாடகத்தில் இளவரசனே அரண்மனைக்கு வந்த நடிகர்களுக்குப் பாடஞ் சொல்லும் கட்டம் ஒன்றுண்டு. கையை வீசிக் காற்றை அறுக்காதே, தொண்டை கிழியக் கத்தாதே, சொல்லுக்குச் செயலையும் செயலுக்குச் சொல்லையும் பொருத்து, இயற்கைக்குக் கண்ணாடி காட்டுவதே நாடகம் என்பது அப்பாடத்தின் கருத்து. வாழ்நாளெல்லாம் நண்பர்க்கு இதனையே ஒத்திகையிற் சொல்லிவந்தவர், அரங்கில் இளவரசனாக நின்று மீண்டும் நடிகர்களுக்குச் சொன்ன அக்காட்சியைக் கண்டோர் பேறு பெற்றோர். நடிப்பைப் பற்றி அவர் இயற்றிய நூலின் பெயர் 'நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?' என்பது. நடிப்பு பிறவியிலே வருவது, வாராதார்க்கு வாராது என்போர்க்கு இந்நூற்பெயரே விடை.

மூப்பரின் வினாவை மனத்திற்கொண்டு ஒன்று கூறுவேன். முதலியார் வக்கீலாயிருந்து, 1924 முதல் 1928 வரை சென்னை சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தவர். எது மெய், எது பொய் என்று பிரித்தறிவதே அவருடைய பகற்பொழுதின் தொழில். அவர் நாடகத்தைப் பொய்யென்று கருதித் துறக்கவில்லை.

அதே காலத்தில் உருஷிய நாட்டில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்பார், இவரைப் போலவே பொழுதுபோக்கு நடிகராகத் தொடங்கி, 1898-இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவி, நடிப்பை ஒரு கல்விமுறையாக வகுத்தார். 1936-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவர் நூல் ஒரு மாணவனின் நாட்குறிப்பாக அமைந்துள்ளது. பாடஞ் சொல்லும் ஆசிரியரும், தவறு செய்து திருந்தும் மாணவனும் ஆகிய இருவருள்ளும் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே காணலாம். கற்பிப்பவனுக்குள் கற்பவன் இறந்துவிடலாகாது என்பதை இதனினும் அழகாக உணர்த்தல் அரிது.

மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் பரிதிமாற் கலைஞரை மறத்தல் தகாது. 1870-இல் பிறந்து 1903-இல் முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரே அவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்து, நாடகத்திற்கு இலக்கணமாக 'நாடகவியல்' என்னும் நூலை 1897-இல் இயற்றினார். 'ரூபாவதி', 'கலாவதி' எனும் நாடகங்களை எழுதியதோடு, அத்தலைவியரின் வேடத்தைத் தாமே பூண்டு நடித்தார். பேராசிரியர் பெண்வேடம் பூணுவதா என்று அந்நாளில் எவரேனும் முகஞ் சுளித்தனரோ, யானறியேன். அக்கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியர் நாடகங்களை வாழ்க்கைக்கு வழிகாட்டும் படங்களாகக் கொண்டு பாடஞ் சொல்லி நூலும் எழுதிய மிஷனரி. அவர் சாஸ்திரியாரிடம் பேரன்பு பூண்டிருந்தார்.

இரண்டாமவர் சங்கரதாஸ் சுவாமிகள். இவர் வரலாறு முற்றிலும் வேறு. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராயிருந்தார். எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களை அறிந்த எங்கள் வடசென்னையார்க்கு அத்தொழிலின் வெயிலும் வெண்மையும் விளங்கும். தமது 24-ஆம் வயதில், 1891-இல், அக்கணக்கைவிட்டு நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகியவை அவர் பூண்ட வேடங்கள். அனைத்தும் கொடிய பாத்திரங்கள் என்பதைக் காண்க.

அவர் நடிப்பை விட்டமைக்குக் காரணமாக நாடக உலகில் வழிவழிச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். ஆங்கு வந்த கருவுற்ற பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டு அஞ்சி விழுந்து கருக்கலையப் பெற்றாள். அன்றுமுதல் அவர் வேடம் பூணுவதை விட்டார் என்பர். இச்செய்தியை வேடத்தின் ஆற்றலுக்குப் புகழுரையாகவே பலரும் எடுத்துக் காட்டுகின்றனர். எனக்கு அது அங்ஙனம் தோன்றவில்லை. வெற்றியின் உச்சியில் நின்ற நடிகர், தம் கலையால் முன்பின் அறியாத ஏழைப் பெண்ணொருத்திக்கு நேர்ந்த துன்பத்தைத் தம்முடையதாகக் கொண்டார். கொடியவனாக நடித்து நடித்து அவர் உள்ளம் கொடிதாகிவிடவில்லை; மாறாக, மெல்லிதாகியிருந்தது. யூதாஸ் வேடத்திற்கு அஞ்சும் தாய்மார் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. தீயவனை நடிப்பவன் தீமையின் விதை தன் நெஞ்சிலும் உண்டென்று அறிகிறான். அவ்வறிவு மேல்மாடியில் கர்த்தருடன் பந்தியிருந்த சீஷர் அனைவர்க்கும் அன்றிரவு வந்ததே. நானோ, நானோ என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவினர் அன்றோ?

மேடையை விட்ட சுவாமிகள் கலையை விடவில்லை. எழுத்திலும் கற்பித்தலிலும் தம்மைச் செலுத்தினார். ஏறத்தாழ ஐம்பது நாடகங்கள் அவர் கையால் எழுந்தன. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் இன்றும் தென்னாட்டுத் திருவிழா மேடைகளில் ஸ்பெஷல் நாடகங்களாக நடைபெறுகின்றன. 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் தோற்றுவித்தார். வளர்ந்த நடிகர் பலர் எழுதிக் கொடுத்ததை விட்டுத் தம் மனம்போனவாறு பேசியும் ஒழுங்குக்கு அடங்காதும் இருந்தமையால், சிறுவரைக் கொண்டே நாடகத்தைச் சீர்ப்படுத்த முனைந்தார் என்பர். தமிழுலகம் சம்பந்த முதலியாரைத் தமிழ் நாடகத் தந்தை என்றும், சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்றும் போற்றுகின்றது. நடிகராக வந்தவர்க்கு ஆசிரியப் பட்டமே நிலைத்தது.

1918-இல் அச்சபையிற் சேர்ந்த சிறுவருள் ஆறு வயதுப் பாலகன் ஒருவன் இருந்தான். அவனே பின்னாளில் அவ்வை தி. க. சண்முகம் எனப் புகழ்பெற்றவர். இச்சிறுவனுக்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை சண்முகம் அவர்களே நன்றியோடு எழுதியுள்ளார். இங்கும் முதலியாரிடம் கண்டதையே காண்கிறோம். ஆசிரியரின் கண்முன் நின்றது ஒரு குறிப்பிட்ட பிள்ளை. ஒரு பாட்டின் சுருதி அப்பிள்ளையின் தொண்டைக்கு எட்டுமா, ஒரு வசனம் அவன் மூச்சில் நிற்குமா என்பதை அறிந்தவரன்றி வேறெவர் ஒரே இரவில் ஒரு நாடகத்தை எழுதித் தரவியலும்? இருபத்தேழு ஆண்டு உழைப்பு அவ்வோரிரவுக்குப் பின்னே நின்றது.

பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் புகழ் மட்டும் பாடிச் செல்லுதல் நேர்மையாகாது. சிறுவர்கள் பள்ளிப் படிப்பின்றிப் பெற்றோரைப் பிரிந்து கம்பெனி வீட்டில் வளர்ந்தனர். இரவெல்லாம் நடித்தனர், பகலில் பாடம் கேட்டனர், பிரம்படியும் பட்டனர். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். அதனை நாடகக்காரர் மகரக்கட்டு என்பர். நேற்றுவரை ராஜபார்ட் பாடிய பையன், மகரக்கட்டு வந்த மறுநாள் திரைச்சீலை இழுப்பவனாகிவிடுவான். குரலையே நம்பிய பிள்ளைகள் பலர் அவ்வளவில் மறைந்து போயினர். அவர்கள் பெயரை எந்நூலும் குறிக்கவில்லை. எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன், என். எஸ். கிருஷ்ணன் ஆகியோர் அக்கம்பெனிகளிலிருந்து புகழுலகிற்கு வந்தவர்கள் என்று பெருமை பேசுங்கால், வாராமற் போனவர்களையும் எண்ணுதல் வேண்டும். பிள்ளைகளின் படிப்பையும் உறக்கத்தையும் விலையாகக் கொண்ட கல்விமுறை மீண்டும் வரவேண்டும் என்று ஒருவரும் விரும்பார்.

சண்முகம் அவர்களின் வளர்ச்சியோ அத்துடன் நிற்கவில்லை. குரல் போனால் கலை போயிற்று என்றிராமல், உடலாலும் சொல்லாலும் உணர்த்தும் நடிப்பை வளர்த்துக் கொண்டார். தம் உடன்பிறந்தாருடன் தனியே சபை நிறுவி நடத்தினார். அச்சபையில் பயின்றோர்க்கு அவரும் அவர் தமையனாருமே வாத்தியார்கள். முப்பது வயதளவில் ஔவையாராக, கூனிய முதுகும் நரைத்த தலையுமாய்த் தடியூன்றி மேடைக்கு வந்தார். அவ்வேடமே பின்னர் அவர் பெயராயிற்று. வேடம் மனிதனை விழுங்கும் என்று அஞ்சுவோர் இதனைக் காட்டி, பார்த்தீர்களா என்னலாம். ஆனால் அவரை விழுங்கியது யார்? சொல்லுக்கு அஞ்சாது அரசர்க்கும் அறமுரைத்த மூதாட்டி. விழுங்கப்படுவதாயின் அத்தகையோரால் விழுங்கப்படுக!

எங்கள் சபை நாடகம் முடிவில் நடந்தேறியது. யூதாஸாக வேறொரு பையன் நடித்தான். முதலிற் குறித்த பையனோ, தாயார் சொல்லைத் தட்டாமல் வேடத்தை விட்டுவிட்டு, புதியவனுக்கு ஒத்திகை தோறும் அருகிருந்து சொல்லிக் கொடுத்தான். முப்பது வெள்ளிக்காசை எறியும்போது கை நடுங்க வேண்டும், குரல் நடுங்கக் கூடாது என்று அவன் சொன்னதை நான் கேட்டேன். அதனை அவன் எங்கே கற்றான் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. மூப்பர் முன்வரிசையில் அமர்ந்து இறுதிவரை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சுவாமிகள் இறுதிக் காலத்தில் வாதநோயுற்றுப் பேச்சிழந்தார். எண்ணற்ற நாவுகளுக்குச் சொல் தந்தவரின் நா அடங்கியது. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் அவர் உயிர் நீத்தபோது, அபிமன்யுவாக நடித்த சிறுவனுக்கு வயது பத்து. அச்சிறுவன் வளர்ந்து முதிர்ந்து, தன் ஆசிரியர் நடந்த வகை, உண்ட வகை, பாடஞ் சொன்ன வகை யாவற்றையும் நினைவிலிருந்து திரட்டி 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் எழுதினான். அந்நூல் வெளிவந்தது 1972-இல், ஆசிரியர் மறைந்த ஐம்பதாம் ஆண்டில். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மாணாக்கரும் மறைந்தார்.